கை போடும் உப்பு

பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. காய்ச்சல் விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. ரசத்துக்குத் தாளித்துக் கொட்டினேன். வழக்கமாக வீடே மணக்கிற நேரம் அது. அன்று அடுப்படி கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி வெறுமனே இருந்தது. காயம் பழசாகிப் போச்சு போல என்று டப்பாவைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. பூண்டை நசுக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் குளியலறைக்குப் போய் பினாயில் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். அதுவும் பச்சைத் தண்ணீர்தான்.

கொரோனா வந்து போனவர்களுக்கு இப்படி ஆகும், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று டாக்டர் போனில் சொன்னார். கொஞ்ச நாள் என்பது அவர் கணக்கில் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாக்கும் மூக்கோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. மிளகாயைக் கடித்தால் எரியும். அதை ருசி என்று சொல்ல முடியாது, அடி என்றுதான் சொல்ல வேண்டும். மற்றபடி சோறு, குழம்பு, மாம்பழம் எல்லாம் ஒன்றுதான், நனைந்த அட்டையை மெல்லுகிற மாதிரி.

வேறு யாருக்காவது இப்படி வந்திருந்தால், "விடு, நாலு கிலோ இளைப்ப" என்று கேலி செய்திருப்பேன். எனக்கே வந்தபோது கேலி வரவில்லை. நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பாட வராது. கோலம்கூடச் சுமார்தான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை சமையல். எங்கள் வீடு மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. சீசன் வந்தால் லாட்ஜில் தங்குகிறவர்கள் வீட்டுச் சாப்பாடு கேட்டு வருவார்கள். அருவியில் குளித்துவிட்டு வருகிறவனுடைய பசி சாதாரணப் பசி இல்லை. அந்தப் பசிக்கு இலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தே எனக்குக் கொஞ்சம் பெயர் வந்திருந்தது. சொந்தத்தில் கல்யாணம் என்றால் மறுநாள் மறுவீட்டுக்குச் சொதி வைப்பதும் நான்தான். தேங்காய்ப்பாலில் காய்கறிகளை வேகவைத்து, கடைசியில் எலுமிச்சை பிழிந்து இறக்குகிற குழம்பு அது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற அந்த ஒரு சாப்பாட்டில் சொதி சரியாக வந்துவிட்டால் சம்பந்திகள் சிரித்துக்கொண்டே கிளம்புவார்கள். திரிந்துபோனால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதையே பேசுவார்கள்.

அப்படிப்பட்ட கையை இனி நம்பலாமா கூடாதா? அந்த ஒரு வருஷம் முழுக்க எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். நம்ப முடியாது என்றால், ஐம்பதைத் தாண்டிய வயதில் நான் யார் என்றே எனக்குத் தெரியாமல் போய்விடும்.

முதலில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "அதனால என்ன? நீ சமை, நான் ருசி பாத்துச் சொல்லுதேன்" என்றார். எவ்வளவு பெரிய ஆறுதல்! மறுநாளிலிருந்து கரண்டியில் எடுத்து நீட்டுவேன், அவர் உறிஞ்சிவிட்டு, "நல்லாருக்கு ஏளா" என்பார். சாம்பார் நல்லாருக்கு. அவியல் நல்லாருக்கு. புளிக்கறி ரொம்ப நல்லாருக்கு, இன்னும் ஒரு கரண்டி விடு. எனக்கு மனசு இளகிப் போயிற்று. மூக்கு போனாலும் கை போகவில்லை என்று ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் மனுஷர் சாப்பிட்டு முடித்ததும் செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதைக் கவனித்தேன். ஒரு நாள் வேண்டுமென்றே கூட்டில் உப்பே போடவில்லை. ஒரு கல் கூட இல்லை. எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தேன். அவர் ஒரு வாய் வைத்தார், மென்றார், கண்ணைக்கூட இமைக்காமல், "இன்னைக்கு உப்பு அளவா இருக்கு" என்றார்.

பொய் சொல்லுகிறவனைப் பிடித்து உண்மையை வாங்குகிற உத்தியோகத்தில் ஆயுசைக் கழித்தவர், எனக்கு எதிரே உட்கார்ந்து வாய் கூசாமல் பொய் சொன்னார். எனக்கு ஒரே நேரத்தில் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுஷர் எத்தனை நாள் உப்புக் கரிப்பதையும் புளித்ததையும் வாய் திறக்காமல் விழுங்கினாரோ! அன்புதான், தெரியும். ஆனால் அன்பை வைத்துக்கொண்டு குழம்பு வைக்க முடியாது. அன்று மத்தியானம் நான் அடுப்பை அணைத்துவிட்டு, இனி கடையில் வாங்கிச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. குத்துக்கல்வலசையில் இருக்கிறாள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலில் அவள் குறை சொல்லாமல் கை கழுவியதே கிடையாது. ஊரே பாராட்டுகிற விருந்திலும் அவள் இலையிலிருந்து ஒரு குரல் வரும். "மைனி, சாம்பார்ல காயம் முந்திக்கிட்டு நிக்கு." "அவியல்ல சேனை ஒண்ணு ரெண்டு வேகல பாத்தியளா?" "பாயாசம்லாம் சரிதான், ஏலக்காய்தான் கொஞ்சம் கையை மீறிட்டு." நான் சிரித்துக்கொண்டே பரிமாறுவேன். உள்ளே போய்ப் பாத்திரத்தை டங்கென்று வைப்பேன். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அதனால் என் மூக்கு போன சேதி குத்துக்கல்வலசை எல்லையைத் தொடக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வீட்டுக்கு வந்த நாத்தனாருக்குக் கடைச் சாப்பாடு போட முடியுமா? அவசரமாக ஒரு வத்தக்குழம்பு வைத்தேன். அவள் ஒரு வாய் எடுத்தாள். அடுத்த வாய் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"மைனி, ஒங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லயே."

"சும்மா சொல்லாதிய. இது ஒங்க கொழம்பே இல்ல. உப்பு ரெண்டு தடவ விழுந்திருக்கு, வெந்தயம் கருகிக் கெடக்கு. எனக்குப் பிடிக்காத எத்தனையோ கொழம்பு நீங்க வச்சிருக்கிய. கண்ண மூடிட்டு ஒரு நாளும் வச்சதில்ல."

திட்டுகிறாளா, பாராட்டுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் இத்தனை நாள் யாரும் சொல்லாத உண்மையை ஒருத்தி சொன்னதும் எனக்குள் ஏதோ உடைந்துவிட்டது. பரிமாறுகிற கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் தட்டிக்கொடுக்கவெல்லாம் இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, "எந்திரிங்க. இந்தக் கொழம்பைக் கொட்டிட்டு வேற வைப்போம்" என்றாள்.

அப்படித்தான் அவள் என் நாக்கானாள். தினமும் காலையில் தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவாள். நான் சமைப்பேன், அவள் குறை சொல்வாள். அதே குறைதான், அதே குரல்தான். ஆனால் எனக்கு இப்போது அந்தக் குறை வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரரின் ஒரு கூடை நல்லாருக்கை விட, இவளுடைய ஒரு "ம்ஹூம்" எனக்குக் கெட்டியான தரையாக இருந்தது. அதில் காலை ஊன்றலாம்.

ஆரம்பத்தில் அவள் "சரியில்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எனக்குக் கோபம் வரும். "என்னட்டி சரியில்ல? வெவரமாச் சொல்லு. எனக்கு மூக்கு இல்ல, ஒனக்கு வாய் இருக்குல்லா?" என்று கத்துவேன். அப்புறம் யோசித்து யோசித்துச் சொல்லப் பழகினாள். "புளி இன்னும் பச்சையாக் கெடக்கு மைனி, மழைல நனைஞ்ச செவரு மாதிரி." "இப்பதான் மல்லி வறுபட்ட வாசம் வருது. வைக்கோல்ல வெயில் பட்டா வரும்லா, அது." தமிழ்ப் பாடத்தில் பாஸாவதற்கே தண்ணீர் குடித்தேன் என்று அவளே சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு எங்கிருந்து இந்தப் பேச்செல்லாம் வந்தது என்று எனக்கு ஆச்சரியம். அவள் சொல்லச் சொல்ல, வராத வாசனை எனக்குள் எங்கோ வந்த மாதிரி இருக்கும். மூக்கில் வரவில்லை, ஞாபகத்தில் வந்தது.

அந்த வருஷம் சீசனும் வந்தது. அருவியில் குளிக்கத் தடை இருந்ததால் ரோட்டில் வண்டியே இல்லை. சாரலுக்கு யார் தடை போட முடியும்? அது பாட்டுக்கு வந்து முற்றத்தை நனைத்தது. ஈரக் காற்று முகத்தில் பட்டது, வாசனை மட்டும் இல்லை. ஜன்னலோரம் சும்மா நின்றேன். பின்னால் வந்து நின்ற நாத்தனார், நான் கேட்காமலே, "மண்ணு வாசம் இல்ல மைனி, அது நேத்தே போயிட்டு. இன்னைக்கு மலைல இருந்து எலை வாசந்தான் வருது. பச்சக் கற்பூரம் ஒரு பொட்டு இருக்க மாதிரி" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவளுக்குக் கூச்சமாகிப்போய், "அடுப்புல பால் இருக்கு" என்று போய்விட்டாள்.

மூக்கு இல்லாததால் மற்றதெல்லாம் விழித்துக்கொண்டது. கடுகு வெடிக்கிற சத்தத்தில் எண்ணெயின் சூடு தெரிந்தது. பருப்பு கொதிக்கும்போது குமிழி பெரிதாக இருந்தால் இன்னும் பச்சை, சிறிதாகிச் சோம்பேறித்தனமாக வெடித்தால் பக்குவம். துவையலை அம்மியில் வழிக்கும்போது விரலில் ஒட்டுகிற விதத்தில் ஈரப்பதம் தெரிந்தது. இதெல்லாம் முன்னாலும் நடந்ததுதான். மூக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருந்தது.

மூக்கின் கண்காணிப்பு இல்லாததால் கைக்குக் கொஞ்சம் திமிரும் வந்தது. ஒரு நாள் மங்குஸ்தான் சுளையைப் போட்டு மோர்க்குழம்பு வைத்தேன். நாத்தனார் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "மைனி, இதை நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இன்னொரு நாள் பருப்பு ரசம் கொதிக்கும்போது, கை தானாகக் கொல்லைப் பக்கம் போய் ஒரு நார்த்தை இலையைக் கிழித்துக் கொண்டுவந்து போட்டது. ஏன் போட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாத்தனார் ஒரு தம்ளர் குடித்தாள். காலித் தம்ளரை நீட்டினாள். இரண்டாவதையும் குடித்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அரைமணி கழித்துப் போன் வந்தது. "மைனி, கொறை சொல்ல மறந்துட்டேன். யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் அம்புடல."

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு வந்த வைகாசியில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சிவகிரிப் பக்கம், சாப்பாட்டு ருசி தெரிந்த குடும்பம் என்று கேள்வி. நிச்சயம் முடிந்த கையோடு நாத்தனார் என்னிடம் வந்து, "மறுவீட்டுச் சொதி நீங்கதான் வைக்கணும் மைனி" என்றாள்.

நான் முடியவே முடியாது என்றேன். மூக்கு இன்னும் திரும்பவில்லை. நாக்கில் ஏதோ லேசாகத் தட்டுப்படுகிறது, அதையும் நம்ப முடியாது. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு வைப்பது வேறு, சபைக்கு வைப்பது வேறு. "கல்யாணத்துக்கு வார தவசுப்பிள்ளையவே மறுவீட்டுக்கும் சமைக்கச் சொல்லு. ஒன் மவ வாழ்க்கைல நான் வெளையாட மாட்டேன்" என்றேன்.

"வெளையாடவா சொல்லுதேன்? சமைக்கத்தான சொல்லுதேன்!" என்று அவளும் குரலை உயர்த்தினாள். "எம்மவளுக்கு ஒங்க கைச் சொதிதான். நான் பக்கத்துலயே நிக்கேன். ருசி பாத்துச் சொல்லுதேன். தெனமும் செய்யுததுதான?"

"ஒனக்குத்தான் எஞ்சமையல் ஒரு நாளும் பிடிக்காதே."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "பிடிக்காமலா மைனி இத்தன வருசமா வந்து வந்து திங்கேன்?"

சரி என்றேன். அவள் நாக்கு பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே தைரியம்தான்.

தென்காசி மண்டபத்தில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் குத்துக்கல்வலசையில், அவள் வீட்டுப் பின்கட்டில் தகரப் பந்தலுக்குக் கீழே அடுப்பு மூட்டினேன். தேங்காய் துருவவும் பால் பிழியவும் சொந்தக்காரப் பெண்கள் இருந்தார்கள். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எல்லாம் தனித்தனிப் பாத்திரத்தில். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் வெந்தது. பாசிப்பருப்பு சேர்ந்தது. பச்சைமிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுதைக் கரைத்து விட்டேன். இரண்டாம் பால் கொதித்துக் குமிழி சிறிதானது. கடைசியாக முதல் பாலை விட்டு, ஓரத்தில் நுரை கூடி வரும்போதே தீயை இழுத்துவிட்டேன். திரியவில்லை. வெண்ணெய் நிறத்தில் அப்படியே நின்றது. அதுவரை என் கண்ணும் காதும் என்னைக் கைவிடவில்லை.

அரக்குப் பட்டுச்சேலையில் நாத்தனார் ஓடிவந்தாள். "சம்பந்தி வீட்டு வேன் ஊருக்குள்ள வந்துட்டாம்" என்றாள். நான் கரண்டியில் சொதியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கி, ஊதி, உதட்டருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"மைனி... சம்பந்தி வீட்ல இன்னும் கை நனைக்கலயே."

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மறுவீட்டுச் சமையலில், மாப்பிள்ளை வீட்டார் கை நனைப்பதற்கு முன்னால் பெண் வீட்டார் யாரும் வாய் வைக்கக் கூடாது. சாமிக்குப் படைப்பது மாதிரிதான் அதுவும். எத்தனையோ மறுவீட்டுக்குச் சொதி வைத்தவள் நான், எனக்கு எப்படி இது மறந்தது? யோசித்துப் பார்த்தால், அந்த வழக்கம் எனக்கு ஒரு நாளும் இடைஞ்சலாக இருந்ததே இல்லை. வாசனையை வைத்தே இறக்கிவிடுவேன், வாயில் வைத்துப் பார்க்கத் தோன்றியதே கிடையாது. அதனால் அப்படி ஒரு வழக்கம் இருப்பதே என் நினைவில் இல்லை. இவளோ கல்யாண வேலையில் தலைகால் தெரியாமல் இருந்தவள். ஒரு வருஷமாகத் தினமும் என் கரண்டியை வாங்கிக் குடித்துப் பழகியவர்கள், அன்றைக்கு மட்டும் அது முடியாது என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

"யாருக்குத் தெரியப் போவுது? ஒரு சொட்டு" என்றேன். சொல்லும்போதே அது நடக்காது என்று எனக்குத் தெரியும். மகளின் வாழ்க்கை என்று வந்துவிட்டால் எந்தத் தாய் அதைச் செய்வாள்? அவள் கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குனிந்து முகர்ந்தாள். மூக்குக்கு எந்த வழக்கமும் தடை போடவில்லை.

"வாசம் சரியா இருக்கு மைனி. இஞ்சி முந்தல, மொளகா அடங்கி இருக்கு. தேங்காப் பால் மணக்கு."

"உப்பு?"

"உப்புக்கு ஏது வாசம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள்தான் முதலில் கேட்டாள். "அப்ப முன்னாடியெல்லாம் உப்பு எப்படிப் போட்டிய? மூக்கு சொல்லியிருக்காதே."

"கை போட்டுது."

"அதே கைதான இது!"

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் மட்டும் சொதிக்கு முன்னால் நின்றேன். உண்மைதானே! உப்பு விஷயத்தில் மூக்கு எனக்கு ஒரு நாளும் உதவியதே இல்லை. நாற்பது வருஷமாக உப்பைப் போட்டது இந்தக் கைதான். உப்பு ஜாடிக்குள் கையை விட்டேன். ஏற்கெனவே போட்டது போக, கை ஒரு அரைப்பிடி எடுத்தது. யோசிக்காமல் எடுத்தது. சொதிக்கு மேலே கொண்டுபோனேன். அப்போது உள்ளுக்குள் ஒரு பயம் வந்தது. கூடிப்போனால் எடுக்க முடியாது, குறைந்தால் பரவாயில்லை, இலையில் உப்பு வைப்பார்கள். கையில் இருந்ததைத் திரும்ப ஜாடியிலேயே போட்டுவிட்டேன். எலுமிச்சையைப் பிழிந்து, மூடி, "எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

பந்தி நடந்தது. சம்பந்திகள் சொதியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்து, "இந்த மாதிரிச் சொதி சாப்ட்டதே இல்ல" என்றார். எனக்கு அதில் ஒன்றும் ஏறவில்லை. விருந்துக்கு வந்தவர்கள் பாராட்டத்தான் செய்வார்கள். அது மரியாதை. நான் காத்திருந்தது ஒரே ஒரு நாக்குக்காக.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில் நாத்தனார் உட்கார்ந்தாள். நானே பரிமாறினேன். சோற்றில் சொதியை விட்டேன், ஓரத்தில் இஞ்சித் துவையல். அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். தலையைத் தூக்கினாள். கண் நிறைந்திருந்தது.

"நல்லாருக்கு மைனி."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவள் அண்ணன் சொன்ன அதே வார்த்தை. உப்புக் கரித்த குழம்புக்கெல்லாம் சொன்ன வார்த்தை. இவளும் எனக்காகப் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்! அப்படியென்றால் எவ்வளவு மோசமாக இருந்திருக்க வேண்டும்? பாராட்டைக் கேட்டு அப்படி இடிந்துபோனவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் அனுப்பிவிட்டு, சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரரும் வீடு திரும்பினோம். மிச்சச் சொதியைத் தூக்குவாளியில் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவர் அதை ஒரு தம்ளரில் ஊற்றி, காப்பி மாதிரி உறிஞ்சிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உப்புதான் ஒரு அரைப்பிடி கம்மி ஏளா" என்றார். "மத்தபடி ஒன்ன அடிச்சுக்க ஆள் இல்ல."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "என்ன சொன்னிய?"

"உப்பு கம்மின்னேன்."

"அன்னைக்கு உப்பே இல்லாத கூட்டைத் தின்னுட்டு அளவா இருக்குன்னிய?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப உண்மையச் சொன்னா நீ அடுப்பை அணைச்சுட்டு உக்காந்துருவன்னு பயம். பொய் சொன்னதுக்கும் அதைத்தான் செஞ்ச. இப்ப அந்தப் பயம் எனக்கு இல்ல. கம்மின்னு சொன்னா நாளைக்குக் கூடப் போடுவ, அவ்வளவுதான்."

அரைப்பிடி. கை எடுத்ததும் அதுதான், நான் திரும்பப் போட்டதும் அதுதான். ஆனாலும் இவர் பேச்சை எப்படி நம்புவது? பழைய குற்றவாளி ஆயிற்றே. இன்றைக்கு உண்மை பேசுகிறாரா, என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து எதையாவது சொல்லி வைக்கிறாரா? யோசித்துக்கொண்டே படுத்தேன்.

விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது. குத்துக்கல்வலசை. எடுத்ததும் வணக்கம்கூட இல்லை.

"மைனி, ஒண்ணு சொல்லணும். சொல்லாம எனக்கு இருப்புக் கொள்ளல. நேத்து சொதில உப்பு கம்மி."

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். "எவ்வளவுட்டி கம்மி?"

"அவ்வளவு பாத்திரத்துக்கு ஒரு அரைப்பிடி இருக்கும். நேத்து புள்ளைய அனுப்புத நாளு, என் வாயில கொறை வரல. நல்லாருக்குன்னுட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பி, "கேட்டியளா, உப்பு கம்மியாம்! அரைப்பிடி கம்மியாம்!" என்று கத்தினேன். அவர் போர்வையை இழுத்துக்கொண்டு, "நேத்தே சொன்னேன்லா" என்றார்.

"ஏட்டி, பொண்ணு போயி வீடே வெறிச்சுன்னு இருக்கும். கெளம்பி வா. இங்கன வந்து சாப்பிடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். பருப்பு வேக வைத்தேன். ஜன்னலைத் திறந்ததும் அந்த வருஷத்தின் முதல் ஈரக் காற்று வந்தது. அதில் என்ன வாசனை என்று அவள் வந்துதான் சொல்ல வேண்டும். உப்பு ஜாடிக்குள் கையை விட்டேன். கை எவ்வளவு எடுத்ததோ, அவ்வளவையும் போட்டேன்.